மூன்றாவது வாசல்

அக்டோபர் 3, செவ்வாய்

டயர் கடைக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை என் மானிட்டருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று முதல் இதில் வேலைக் குறிப்பு எழுதப் போகிறேன். வேலைக் குறிப்பு மட்டும். சொந்த விஷயம் எதுவும் இதில் வராது.

எங்கள் கம்பெனியின் பெயர் 'பாரம்'. நாமக்கல்லில் ஒரு டயர் குடோனுக்கு மேல்மாடியில் இருக்கிறது. மொத்தம் ஆறு பேர். லாரிக்காரர்கள் நாக்பூரிலோ நாசிக்கிலோ சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பக் கூடாது அல்லவா, அங்கிருந்து வர என்ன லோடு இருக்கிறது என்று அவர்கள் போனில் காட்டுவதுதான் எங்கள் சேவை. இத்தனை வருடமும் இதைத் தாங்கி வந்தது எங்கள் பீரோவுக்குள் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். பீரோக் கதவைத் திறந்து வைத்து, எதிரே மேசை ஃபேன் போட்டால்தான் அது மூச்சு விடும். போன மாதம் இரண்டு முறை மயக்கம் போட்டது.

இன்று முதலாளி சென்னியப்பன் சார் என்னைக் கூப்பிட்டார். அவரே இருபது வருடம் லாரி வைத்திருந்தவர்.

"அம்மிணி, சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க. விஜயதசமி அன்னிக்கு வண்டியெல்லாம் கிளம்பறப்ப நம்ம சேவை சுத்தமா ஓடோணும். இல்லைன்னா பூனாக்காரன் கம்பெனிக்குப் போயிருவாங்க."

லாரி உரிமையாளர்கள் சங்கம் ஒன்றுதான் எங்கள் வாடிக்கையாளர். அவர்கள் போனால் மேல்மாடியை டயருக்கே விட்டுவிட வேண்டியதுதான்.

"கிளவுடுக்கு மாத்திரலாம் சார். மும்பையில பெரிய கம்ப்யூட்டர் கூடம் இருக்கு, அதுல வாடகைக்கு இடம். நான் பண்ணித் தர்றேன்."

"மும்பை நமக்கு எந்தத் திசை?"

"வடமேற்கு."

"வாயு மூலை. லாரித் தொழிலுக்கு அமோகம். செஞ்சுருங்க" என்றார். இத்தனை சுலபமாக எனக்கு எந்தத் தொழில்நுட்ப அனுமதியும் கிடைத்ததில்லை.

பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டதாக மெயில் வந்திருக்கிறது. இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த மாற்றத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவதுதான் முறை. நாளை பதில் எழுதிவிடுவேன்.

அக்டோபர் 5, வியாழன்

பதில் எழுத நேரமில்லை.

மும்பையில் இடம் பிடித்தாயிற்று. அதற்கு மூன்று எண்ட்பாயிண்ட் வைக்க வேண்டும். எண்ட்பாயிண்ட் என்றால் என்ன என்று சென்னியப்பன் சார் கேட்டார். வாசல் என்றேன். முதல் வாசல் ஓட்டுநர்களின் போனுக்கு. இரண்டாவது, வண்டி உரிமையாளர்கள் கணக்குப் பார்க்க. மூன்றாவது நமக்கு மட்டும். உள்ளே போய்ப் பழுது பார்க்கவும், மற்ற இரண்டு வாசல்களைத் திறக்கவும் மூடவும். வெளியாள் யாரும் அந்த மூன்றாவதைத் தொட முடியாதபடி பூட்டப் போகிறேன் என்றேன்.

"மூணு வாசலா, ஒத்தப்படை. நல்லது" என்றார்.

பக்கத்து மேசைத் தனசீலன் இதைக் கேட்டுச் சிரித்தார். இவர்தான் ஓட்டுநர்களிடம் போனில் பேசுகிற பிரிவு. பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். ஹிந்தி, தெலுங்கு, கன்னடம், மராத்தி எல்லாம் பேசுவார். எல்லாவற்றையும் நாமக்கல் தமிழில் பேசுவார். நாள் முழுக்க "ஹாங் பாயி, சொல்லுங் பாயி" என்று காதருகே கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வேலை ஓடும்.

அக்டோபர் 6, வெள்ளி

என் மேசையை ஜன்னல் ஓரத்திலிருந்து உள்பக்கம் மாற்றிக்கொண்டேன். அங்கே வைஃபை நன்றாக எடுக்கிறது. அந்த இடம் தனசீலன் மேசைக்கு நேர் எதிரே என்பது தற்செயல்.

அக்டோபர் 10, செவ்வாய்

மூன்றாவது வாசலுக்குப் பூட்டுப் போட்ட நாள். இதைக் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன், பின்னால் யாராவது படித்துக் கற்றுக்கொள்ளலாம்.

இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முகவரி எண் உண்டு. எங்கள் அலுவலக இணைப்பின் எண்ணிலிருந்து வந்தால் மட்டும் மூன்றாவது வாசல் திறக்கும். வேறு எந்த எண்ணிலிருந்து வந்தாலும், கடவுச்சொல் சரியாகவே இருந்தாலும், வெளியே போ என்று சொல்லிவிடும். நான் இந்தக் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து அந்த எண் மாறவே இல்லை. எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

தனசீலன் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் மேடம், ஒருவேளை நாமளே வெளிய மாட்டிக்கிட்டா? மாத்துச் சாவி ஒண்ணு பக்கத்து வீட்ல குடுத்து வெப்பாங்கள்ல."

"இது செக்யூரிட்டிங்க. பக்கத்து வீட்ல சாவி குடுக்கற வேலையெல்லாம் இங்க கிடையாது."

"சரிங் மேடம். லாரியிலகூட மாத்து டயரா ஸ்டெப்னி இருக்கும், அதுக்காகக் கேட்டேன்."

பெரிய நெட்வொர்க் நிபுணர். இதற்காகத்தான் நான் பெங்களூரில் நான்கு வருடம் குப்பை கொட்டினேன்.

நியாயமாகச் சொன்னால், மாற்றுச் சாவி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. முதலாளி பெயரில் தலைமைக் கணக்கு. அதற்கு எந்தப் பூட்டும் தடையில்லை. ஆனால் உள்ளே போக ஒரு ரகசிய எண் வேண்டும். அது அவர் போனுக்குள் இருக்கும் செயலியில்தான் வரும். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் வராது. அவர் போன் எப்போதும் அவர் சட்டைப் பையில்தான். அதைவிடப் பத்திரமான இடம் இந்த ஊரில் இல்லை.

அக்டோபர் 13, வெள்ளி

தனசீலன் இன்று வரவில்லை. அலுவலகம் நிம்மதியாக இருந்தது. வேலை ஒன்றும் ஓடவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

வந்துவிட்டார். சேலத்தில் அக்கா மகளுக்குக் காது குத்தாம். நானாகக் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார், நான் எங்கே போனீர்கள் என்று கேட்டதும்.

புது சேவையைச் சோதித்தோம். அவர் தெரிந்த ஓட்டுநர்கள் நாலு பேரிடம் சொல்லி முதல் வாசலைத் தட்டச் சொன்னார். நாலு பேருக்கும் திறந்தது. விஜயவாடாவிலிருந்து ஒருவர் "அக்காவுக்கு நன்றி" என்று சொல்லச் சொன்னாராம். பழைய பீரோ கம்ப்யூட்டர் ஒரு லோடு காட்ட எடுத்துக்கொண்ட நேரத்தில் இது பத்து காட்டுகிறது. சந்தோஷமாக இருந்தது. ஆறு பேருக்கும் டீ நான்தான் வாங்கினேன். தனசீலனுக்குச் சர்க்கரை கம்மி.

அக்டோபர் 18, புதன்

சங்கத்தின் பொருளாளர் நாச்சிமுத்து வந்திருந்தார். பதினோரு வண்டி வைத்திருக்கிறார். பூனாக்காரனைக் கூட்டி வந்ததே இவர்தான். நாற்காலியில் உட்காராமல் பீரோவைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா எங்க பொளப்பு இருக்குது?"

"இனிமே இதுல இல்லைங்க. மும்பையில" என்றேன்.

"நின்னு போச்சுன்னா மும்பைக்கா வந்து கேக்கறது?"

"நிக்காதுங்க."

"எல்லாரும் வேலைய வாங்கறப்ப அப்படித்தான் சொல்றாங்க, என்ற டிரைவருங்க உட்பட" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் போனதும் தனசீலன் சொன்னார்: "நல்ல மனுசன்தாங். ஆனா யாரையும் நம்ப மாட்டாரு. வீட்டச் சுத்தி, ஷெட்டச் சுத்தி, மாட்டுக் கொட்டாயில எல்லாம் கேமரா. எங்க போனாலும் போன்ல அதையேதான் பாத்துக்கிட்டிருப்பாரு."

பெங்களூரிலிருந்து நினைவூட்டல் மெயில் வந்தது. நட்சத்திரக் குறி போட்டு வைத்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

எல்லாம் தயார். நாளை ஆயுத பூஜை. வருடத்திலேயே நாமக்கல் லாரிகள் மொத்தமாக நிற்கும் ஒரே நாள். நாளையே வாசலைத் திறந்துவிடலாம் என்றேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"பூஜையில வெச்ச ஆயுதத்தை மறுபூஜை பண்ணாமத் தொடக் கூடாதுங்க அம்மிணி. விஜயதசமி காலையில நல்ல நேரம் பாத்து, நீங்களே உங்க கையால திறங்க."

ஆகவே முதல் வாசலும் இரண்டாவதும் மூடியிருக்கின்றன. சேவையின் இணையப் பெயரையும், இனி யார் தேடினாலும் பீரோவுக்கு வராமல் மும்பைக்கே போகும்படி திருப்பிவிட்டேன். விஜயதசமி காலை மூன்றாவது வாசல் வழியாக உள்ளே போய், இரண்டு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. குழந்தைகூடச் செய்யும்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

அலுவலகம் கழுவி விட்டாயிற்று. கீழே தெரு முழுக்க லாரிகள், முன்னால் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் பூசி, மாலை போட்டு நிற்கின்றன. ஹாரன் சத்தம் இல்லாத நாமக்கல்லைப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது.

மேலே எங்கள் பூஜை. லேப்டாப்புகள் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பீரோ கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு செவ்வந்தி மாலை. முதலாளி சுற்றிப் பார்த்தார்.

"கிளவுடுக்கு எப்படிங்க பொட்டு வெக்கறது?"

தனசீலன் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று வாசல்களின் பெயரையும் அழகாக எழுதிக் கொண்டுவந்தார். அதற்கு மூன்று பொட்டு வைத்தார்கள். மூன்றாவது வாசலுக்குத் தனசீலன் என்னையே வைக்கச் சொன்னார். வைத்தேன். அவர் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். புதிது என்று நினைக்கிறேன், நான் கவனிக்கவில்லை.

கற்பூரம் காட்டிய பிறகு முதலாளி ஒரு புது ஏற்பாடு சொன்னார். வருடம் முழுக்க நமக்காக உழைத்த பொருளுக்கு இன்று ஒருநாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அவரே போய் எல்லாச் சுவிட்சையும் அணைத்தார். ஃபேன், பிரிண்டர், பீரோ கம்ப்யூட்டர், மூலையில் இணைய இணைப்பைத் தாங்கி நிற்கும் ரவுட்டர் உட்பட. பிறகு தன் போனையும் அணைத்து, மற்ற ஆயுதங்களோடு வைத்து, தாராளமாகச் சந்தனம் பூசினார்.

எனக்கு மனது நிறைந்திருந்தது. சுண்டல், பொரி, அவல் எல்லாம் சாப்பிட்டோம். ஏதோ ஒன்று மறந்ததுபோல் இருந்தது. பெங்களூர் பதிலாக இருக்கும்.

அக்டோபர் 24, செவ்வாய். விஜயதசமி

இன்றைய நாளை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மறுபூஜை முடிந்தது. தெருவில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு முதல் லாரி கிளம்பியது. முதலாளி சுவிட்சுகளைப் போட்டார். நான் லேப்டாப்பிலிருந்த பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மூன்றாவது வாசலுக்குப் போனேன்.

வெளியே போ என்றது.

எழுத்துப் பிழை என்று நினைத்து மறுபடி அடித்தேன். வெளியே போ. மறுபடியும். பிறகு அலுவலக இணைப்பின் எண்ணைப் பார்த்தேன். மாறியிருந்தது. ரவுட்டரை அணைத்து, ஒருநாள் ஓய்வு கொடுத்து, மீண்டும் போட்டால், இணைய இணைப்புக் கொடுக்கும் கேபிள்காரர் புது எண் கொடுத்துவிடுகிறார். நான் வந்த நாளிலிருந்து அது மாறாமல் இருந்ததற்குக் காரணம் யாரும் அதை அணைக்கவில்லை என்பதுதான். என் பூட்டு மிகப் பிரமாதமாக வேலை செய்தது. என்னையே உள்ளே விடவில்லை.

தலைமைக் கணக்கு இருக்கிறதே என்று முதலாளியின் போனை எடுத்தேன். அது உயிர்பெறவில்லை. சார்ஜ் ஏற்றும் துளைக்குள் சந்தனம் போய் இறுகிக் கல்லாகியிருந்தது. அவர் ஒரு குண்டூசியோடு அதன் மேல் குனிந்து உட்கார்ந்தார். பீரோ கம்ப்யூட்டராவது எழுந்திருக்குமா என்று பார்த்தோம். ஒரு நீண்ட பீப் சத்தம், அவ்வளவுதான். செவ்வந்தி மாலை அதற்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

போன்கள் அடிக்க ஆரம்பித்தன. போன இடத்திலேயே பூஜை போட்ட வண்டிகள் நாக்பூரில், கோலாப்பூரில், ஓங்கோலில் வெறுமையாக நின்றன. தனசீலன் வெள்ளைப் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டார். யாருக்கு எங்கே லோடு தேவை, எந்த ஊரில் யாரிடம் சரக்கு இருக்கிறது என்று ஞாபகத்திலிருந்தே எழுதி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடிச்சுப் போட்டார். ஒரு சேவை முழுவதையும் ஒரு மனிதர் வாயாலேயே ஓட்டியதை நான் பார்த்தேன்.

"மேடம், நான் மதியம் வரைக்கும் தாக்குப் பிடிப்பேன். அதுக்கு மேல தொண்டை போயிரும்" என்றார். ஒரு வார்த்தைகூட ஸ்டெப்னியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

நான் கேபிள் மயில்சாமியிடம் ஓடினேன். அவர் கடையில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பழைய நம்பருங்களா? இருங்க பாக்கறன். நம்மகிட்ட இந்த மாதிரி நம்பர் கொஞ்சந்தாங்க இருக்குது. வெளியூர்ல இருந்து கேமரா பாக்கறவங்களுக்கும் உங்களுக்குந்தான் குடுக்கறது. நேத்து ஊரே அணைச்சுட்டாங்க. காலையில நல்ல நேரத்துக்கு எல்லாரும் ஒண்ணாப் போட்டாங்க. நம்பரு கலைஞ்சு போச்சு."

"இப்ப யார்கிட்ட இருக்கு?"

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நாச்சிமுத்து அண்ணன் வீட்ல."

எங்களை மாற்றிவிடத் துடிக்கும் அந்தப் பொருளாளர் வீட்டில். திருப்பி வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். எண்ணை மாற்றுகிற வேலை சேலத்து ஆபீஸில்தான் நடக்குமாம், அங்கே இன்று விடுமுறையாம். ரவுட்டரை அணைக்கச் சொல்லலாம் என்றால், பூஜைக்கு அவராக அணைத்தது வேறு, இனிக் கேமரா ஒரு நிமிடம் நின்றாலும் அண்ணன் இணைப்பையே வெட்டிவிடுவாராம்.

ஆக ஒரே வழி. அவர் வீட்டு வைஃபையில் உட்கார்ந்தால் மும்பைக்கு நான் பழைய ஆள். மூன்றாவது வாசல் திறக்கும். ஆனால் சேவை நின்றுபோனது யாருக்குத் தெரியக் கூடாதோ அவர் கூடத்தில் உட்கார்ந்து, அவர் வைஃபையை வாங்கி, அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். எங்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் சங்கக் கூட்டம் மாலையில்.

தனசீலன் போனையெல்லாம் கணக்கு எழுதும் பாப்பாத்தி அக்காவிடம் கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து போகும்போது டயர் குடோனைத் திரும்பிப் பார்த்தேன். மேல்மாடி ஜன்னலில் முதலாளி குண்டூசியோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தெரிந்தது. எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை. இந்த அலுவலகத்தை இழக்க நேர்ந்தால் நான் அழுதுவிடுவேன். இதைப் பெங்களூருக்கு எந்த வாசகத்தில் எழுதுவது என்றுதான் இத்தனை நாளும் தெரியாமல் இருந்திருக்கிறது.

நாச்சிமுத்து வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று என்ன சொல்வதென்று பேசினோம். புது செயலியை அவர் போனில் போட்டுக் கொடுக்க வந்தோம் என்று சொல்லலாம் என்றேன். செயலி ஓடவில்லையே, போட்டதும் தெரிந்துவிடுமே என்றார் அவர். ஏன் முன்னாலேயே யோசிக்கவில்லை என்று கேட்டேன். முன்னாலேயே யோசித்ததால்தான் ஸ்டெப்னி கேட்டேன் என்றார். கடைசியில் அதைச் சொல்லிவிட்டார். நான் கை நீட்டி நன்றாகத் திட்டினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு என் பையைத் தான் வாங்கிக்கொண்டு மணியை அடித்தார்.

கதவைத் திறந்தது பொருளாளரின் மனைவி சம்பூர்ணம் அம்மா. எங்கள் இருவரையும் பார்த்தார். தனசீலன் கையிலிருந்த என் லேப்டாப் பையைப் பார்த்தார். அதன் மேல் நேற்று வைத்த சந்தனம், குங்குமம் இன்னும் இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க, வாங்க. விஜயதசமியும் அதுவுமா ஜோடியா வந்திருக்கறீங்க. கல்யாணப் பத்திரிகை வெக்கவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தனசீலன் சொன்னார்: "ஆமாங்க அம்மா."

அது ஒரு உத்தி மட்டுமே. வேலைக் குறிப்பாக இங்கே பதிவு செய்கிறேன்.

கூடத்தில் உட்கார வைத்தார்கள். நாச்சிமுத்து உள்ளேயிருந்து வந்து எதிரே அமர்ந்தார். கையில் போன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொண்டைக்கடலைச் சுண்டல் வந்தது. சம்பூர்ணம் அம்மா பத்திரிகை எங்கே என்றார்.

"இன்னும் அச்சுக்குப் போகலைங்க அம்மா. மாடல் கம்ப்யூட்டர்ல இருக்குது. உங்ககிட்டக் காட்டி, நல்லா இருக்குதுன்னு சொன்னீங்கன்னா அச்சடிச்சிரலாம்னு. நெட்டு மட்டும் வேணுங்க" என்றார் தனசீலன். இவ்வளவு சரளமாகப் பொய் வரும் மனிதரை நான் இவ்வளவு நாள் வெகுளி என்று நினைத்திருக்கிறேன்.

நாச்சிமுத்து வைஃபை கடவுச்சொல்லைச் சொன்னார். அது அவருடைய முதல் லாரியின் பதிவு எண்.

லேப்டாப்பை மடியில் வைத்து மூன்றாவது வாசலைத் தட்டினேன். திறந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாவம், கல்யாணப் பொண்ணு, கண்ணு கலங்குது" என்றார் சம்பூர்ணம் அம்மா. "மாடல் வந்துருச்சா?"

"லோடாகுதுங்க அம்மா" என்றேன்.

"முகூர்த்தம் எப்ப?"

"தையிலங்க" என்றார் தனசீலன்.

"மண்டபம்?"

"பாத்துக்கிட்டிருக்கறங்க."

நான் முதலில் அலுவலகத்தின் புது எண்ணை உள்ளே விடும்படி மாற்றினேன். பிறகு முதல் வாசல். பிறகு இரண்டாவது. பக்கத்தில் தனசீலன் பந்திக்கு இரண்டு வகை இனிப்பா மூன்றா என்று சம்பூர்ணம் அம்மாவிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வேண்டாம், இரண்டு போதும் என்று நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

கடைசிப் பொத்தானை அழுத்தினேன். எதிரே நாச்சிமுத்துவின் போன் மணியடித்தது. எங்கள் சேவையின் சத்தம்தான். எனக்கு உலகத்திலேயே மிகப் பிடித்த சத்தம். நாக்பூரில் காலையிலிருந்து வெறுமையாக நின்ற அவர் வண்டிக்கு ஈரோட்டுக்கு லோடு கிடைத்திருந்தது.

அவர் போனைப் பார்த்தார். என் லேப்டாப்பைப் பார்த்தார்.

"அப்ப இதுதான் பத்திரிகையா?"

தனசீலன் எழுந்து நின்றார். சுண்டல் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே ரவுட்டர், சந்தனம், மயில்சாமி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். நான் குறுக்கிட்டு, "தப்பு என்னோடதுங்க. மாத்துச் சாவி வேணும்னு இவர் முன்னாலயே சொன்னார். நான்தான் கேக்கலை" என்றேன்.

நாச்சிமுத்து போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "சாயங்காலம் கூட்டத்துல பாக்கலாம்" என்றார். சம்பூர்ணம் அம்மா மட்டும், "அப்ப தையில ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அக்டோபர் 25, புதன்

கூட்டத்துக்கு முதலாளியும் தனசீலனும்தான் போனார்கள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து வாசல்களைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன். மூன்றும் நன்றாகவே இருந்தன. நான்தான் சரியில்லை.

இன்று காலை முதலாளி வந்து நடந்ததைச் சொன்னார். நாச்சிமுத்து எல்லோர் முன்னாலும் எழுந்து, காலையில் சேவை நின்றதையும், அது தன் வீட்டுக் கூடத்தில் திறந்ததையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எங்கள் முதலாளிக்கு வியர்த்துவிட்டதாம். பிறகு நாச்சிமுத்து சொன்னது:

"பூனாக்காரனும் ஒருநாள் நிப்பான். நிக்காத வண்டி ஏது. அன்னிக்கு நான் ஹிந்தியில மெயில் போட்டுக் காத்திருக்கோணும். இவங்க ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே என்ற வீட்டு வாசலுக்கு வந்து நின்னாங்க. எனக்கு அது போதும்."

ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று. இரண்டு நிபந்தனை. மாதாமாதம் கொஞ்சம் கூடக் கொடுத்து, மாறாத எண்ணாக மயில்சாமியிடம் வாங்க வேண்டும். மூன்றாவது வாசலுக்கு மாற்றுச் சாவி இன்னொருவரிடமும் இருக்க வேண்டும்.

"மூணாவதா ஒண்ணு சொன்னாருங்க அம்மிணி. அதை உங்ககிட்ட அவரே பேசறாராம்" என்று முதலாளி சொல்லிவிட்டுத் தன் புதுப் போனை ஆராய ஆரம்பித்தார்.

மதியம் நாச்சிமுத்து கூப்பிட்டார்.

"அம்மிணி, நீங்க வாசல்ல நின்னு சண்டை போட்டதைக் கேமராவுல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவன் தலையைக் குனிஞ்சு திட்டு வாங்கிக்கிட்டு, உங்க பையையும் வாங்கிக்கிட்டான். பத்திரிகைன்னதும் நான் முழுசா நம்பிட்டேன். என்ற வீட்டுக்காரி ராத்திரி சரியாச் சாப்பிடலை. விஜயதசமி அன்னிக்குப் பொம்பளகிட்டப் பொய் சொல்லிட்டுப் போனா நல்லாவா இருக்குது? யோசிங்க."

போனை வைத்துவிட்டார். எதிர் மேசையில் தனசீலன் யாரோ ஒரு பாயிக்கு ஹிந்தியில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டி, பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது. காது மட்டும் சிவந்திருந்தது. அவருக்கும் போன் வந்திருக்கும்போல.

அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். மாற்றுச் சாவியை அவர் பெயரில் போட்டேன். பெங்களூருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். காரணம் கேட்டார்கள். நிர்வாகக் காரணம் என்று எழுதினேன்.

அக்டோபர் 28, சனி

மூன்று வாசலும் சீராக இருக்கின்றன. புது எண் மாறாதது; ரவுட்டரை அணைத்துப் போட்டு நாலு முறை சோதித்தேன். ரவுட்டர் சுவிட்சின் மேல் தனசீலன் ஒரு சின்னப் பொட்டு வைத்து, 'இவருக்கு ஓய்வு கிடையாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

நவம்பர் 2, வியாழன்

வேலைக் குறிப்பு. தனசீலன் அச்சகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நாச்சிமுத்து வீட்டுக்குக் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடக் கூடாது, வேறொன்றுமில்லை, உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் அச்சகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். மேடம் என்று கூப்பிடாமலேயே இவ்வளவையும் சொன்னார். ஒன்று பச்சை உறை, ஒன்று மஞ்சள்.

மஞ்சள் போதும் என்றேன்.